காளியம்மா ஏ/பி சின்னையா

வெள்ளிக்கிழமை காலையிலேயே நைஜல் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினான். ஈப்போவில் டயர் கடைக்கு மேலே இருக்கும் மாடிதான் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்று சொல்வதே அதிகம். நாலு மேசை, தண்ணீர் ஒழுகும் ஏர்கோன், அதற்குக் கீழே நைஜல். அவன் முதலாளி. நான் அவனிடம் சம்பளத்துக்கு இருக்கும் புரோகிராமர். கையில் பால் கலக்காத கோப்பி ஓவோடு வந்து தன் டெலிபோனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"பாத்தியா யுகேன், நம்ம ஆளுங்க லட்சணத்த? பாக் சாலே அமுக்கிட்டாரு. அந்தச் சீனக் கெழவி அமுக்கிட்டா. சும்மா குடுக்கிற வீட்ட வாங்கிக்க நம்மாளுக்கு ஒரு பட்டன அமுக்க முடியல. அவ்வளவு சோம்பேறித்தனம்லா."

நம்ம ஆளுங்க என்று அவன் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனும் நானும் ஒரே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். சுங்கை சிப்புட்டைத் தாண்டி, மண்பாதையில் உள்ளே போக வேண்டிய பழைய ரப்பர் தோட்டம். இப்போது இவனுடைய விசிட்டிங் கார்டில் நைஜல் லூர்ட்ஸ் என்று இருக்கிறது. அப்பா லூர்துசாமியின் பெயரிலிருந்து சாமியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டவன், நம்ம ஆளுங்களைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறான்.

விஷயம் இதுதான். தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. லயத்தில் இன்னும் குடியிருக்கும் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு தரைவீடு மாற்றாகத் தருவதாக ஒப்பந்தம். ஒவ்வொருவருடைய டெலிபோனுக்கும் ஒரு லிங்க் அனுப்பியிருந்தார்கள். அதைத் திறந்து, ஐசி எனும் அடையாள அட்டையின் கடைசி நாலு எண்ணைத் தட்டி, மலாயில் 'தெரிமா' என்ற பச்சைப் பட்டனை அமுக்கினால் வீட்டை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. 'தோலாக்' என்ற சிவப்புப் பட்டனை அமுக்கினால் வேண்டாம் என்று கணக்கு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரைதான் கெடு. அதற்குள் எதையும் அமுக்காதவர்களின் வீடு வெளியாட்களுக்கு விற்பனைக்குப் போய்விடும். நிறுவனத்துக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இணையதளம் எங்கள் ஆபீஸ் கட்டியது. சர்வர் என் பொறுப்பு. வீட்டை ஏற்கும் இந்த இணையப் பக்கத்தை மட்டும் நைஜலே எழுதினான். ஒவ்வொருவருடைய லிங்க்கிலும் அவரவர் பெயரே தெரிய வேண்டும் என்பது அவனுடைய அருமையான யோசனை. நிறுவனத்து ஆட்கள் அதைப் பார்த்துக் கைதட்டினார்களாம். கைதட்டு வாங்கிய பிறகு அவன் காதில் வேறு எதுவும் விழவில்லை.

அந்த லயத்தில் கடைசி வீடு என் அக்கா காளியம்மாவுடையது. மாமா இறந்தபின் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்துகொண்டு தனியாக இருக்கிறாள். நானும் அவளும் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும் என்பதால் இரண்டு பேருமே பேச்சைக் குறைத்துக்கொண்டோம். அவள் எப்போதோ அமுக்கியிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

நைஜல் நகர்ந்த கையோடு அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"டேய், நீ கட்டுன சனியன் தொறக்க மாட்டேங்குதுடா."

"நான் கட்டலக்கா. டேட்டா இருக்கா பாரு."

"டேட்டாவா? புது ஹென்போனே வாங்கிட்டேன்லா! பழைய போன் சரியில்லன்னு லூர்துசாமி அண்ணே சொன்னாரு. புதுசுலயும் அதே எழவுதான் வருது. இன்னைக்குக் கடைசி நாளாம். இந்த வீடு போச்சுன்னா நான் உன் வீட்டு வாசல்ல வந்து பாய் விரிச்சுப் படுப்பேன், சொல்லிட்டேன்."

அவள் செய்யக்கூடியவள். பல்வலி என்று நைஜலிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

லயத்தின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே இடித்துவிட்டிருந்தார்கள். கித்தா என்னும் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்மண்தான் கிடந்தது. அக்கா வீட்டு முன்னால் பெண்கள் ஏழெட்டுப் பேர் கையில் டெலிபோனோடு நிற்க, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லூர்துசாமி உட்கார்ந்திருந்தார். நைஜலின் அப்பா. வயது வித்தியாசம் பார்க்காமல் தோட்டமே அவரை அண்ணே என்றுதான் கூப்பிடும்.

"எனக்குச் செவ்வாக்கெழமையே ஆயிருச்சு," என்று அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பட்டனத் தட்டுறதுக்கும் ஒரு பதம் வேணும்லா. வெளக்குமாத்தப் புடிக்கிற மாதிரி அதப் புடிச்சா எப்படித் தொறக்கும்?"

"ஆமா, இவரு பெரிய விஞ்ஞானி," என்றாள் அக்கா. என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லாமல் புது டெலிபோனை என் கையில் திணித்தாள்.

லிங்க்கைத் தொட்டேன். பக்கம் காணப்படவில்லை என்று வந்தது. மேலே இருந்த முகவரியைப் படித்தேன். படித்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

எங்கள் ஐசியில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் என்று போடுவார்கள், இன்னாரின் மகன் என்று. பெண்ணாக இருந்தால் ஏ/பி. நடுவில் ஒரு சாய்கோடு. இணைய முகவரியில் அந்தச் சாய்கோட்டுக்கு வேறு அர்த்தம் உண்டு. ஓர் அறை முடிந்து அடுத்த அறை தொடங்குகிறது என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். நைஜல் பெயரில் இருந்த இடைவெளிகளுக்கெல்லாம் சிறுகோடு போட்டிருந்தான். சாய்கோட்டை மட்டும் அப்படியே விட்டிருந்தான். ஆக, சர்வர் 'காளியம்மா-ஏ' என்று ஒருத்தியைத் தேடியது. அப்படி ஒருத்தி உலகத்தில் இல்லை. 'பி-சின்னையா' என்ற மிச்சத்தை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மற்றவர்களின் டெலிபோன்களையும் வாங்கிப் பார்த்தேன். கருப்பம்மாள் ஏ/பி, செல்லாயி ஏ/பி, பத்துமலை ஏ/எல். எல்லாம் அதே இடத்தில் அறுந்திருந்தன. மலாய்க்காரரான பாக் சாலேயின் பெயரில் மகன் என்பதற்கு 'பின்' இருக்கிறது, சாய்கோடு இல்லை. சீனக் கிழவியின் பெயரிலும் இல்லை. லயத்தில் நம்மவர்களுக்கு மட்டும் பார்த்துப் பார்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறது இந்த இணையதளம். சாத்தியவன், நம்மாளுக்குச் சோம்பேறித்தனம் என்கிறான்!

அப்புறம்தான் உறைத்தது. லூர்துசாமியும் ஏ/எல் ஐயாவுதானே?

"அண்ணே, ஒங்க லிங்க் எப்படித் தொறந்துச்சு?"

"எங்க தொறந்துச்சு? அதுவும் இதே மாதிரிதான், காணோம் காணோம்னுச்சு. புள்ளைக்குப் போன் அடிச்சேன். விடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்னான். பத்து நிமிசத்துல ஆயிருச்சுன்னு திருப்பி அடிச்சான். படிச்ச புள்ள இருந்தா அதுதான்லா."

"அப்ப நீங்க அமுக்கவே இல்ல."

"நான் எதுக்கு அமுக்கணும்?" அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "ஈப்போவுல அவன் வீட்டு மாடியில எனக்கு ரூம் இருக்கு. ஆனா எப்பப் பாத்தாலும் அதுல விருந்தாளியாம், பாவம். அதான் எனக்கு இங்கயே ஒரு வீட்ட முடிச்சுக் குடுத்துட்டான். அவன் ஐசியில பாத்திருக்கியா? ஏ/எல் எல்லாம் கெடையாது. பேரு ஸ்டைலா இருக்கட்டும்னு நான்தான் பதியும்போதே வேணாம்னுட்டேன்."

தன் பெயரை வைத்துத்தான் நைஜல் சோதித்துப் பார்த்திருப்பான். அது திறந்திருக்கும். அதுவரை அது வெறும் முட்டாள்தனம். ஆனால் செவ்வாய்க்கிழமை அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து, தன் அப்பாவை மட்டும் கொல்லைப்புறமாக உள்ளே இழுத்துப்போட்டுவிட்டு, மற்றவர்களை வெளியே நிற்கவைத்து, இன்று காலை என் மூக்குக்கு முன்னால் அவர்களைத் திட்டியிருக்கிறான்.

அக்காவின் தையல் மெஷின்மேல் லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு கையும் அதில் இருந்ததால் டெலிபோனை ஸ்பீக்கரில் போட்டு நைஜலை அழைத்தேன்.

"பல்லு புடுங்கியாச்சா?" என்றான்.

"தோட்டத்துல இருக்கேன். நம்ம பேரு ஒண்ணுகூட தொறக்கல. சாய்கோட்ட வேற குறியா நீ என்கோட் பண்ணவே இல்ல."

"தெரியும்லா," என்றான். "செவ்வாக்கெழம பாத்தேன். rawurlencode போட்டும் பாத்தேன், சாய்கோடு %2F-னு மாறுச்சு. முகவரிக்கு நடுவுல %2F-அ பாத்தவொடன சர்வர் மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்புது. நம்ம PHP புரோகிராம் வரைக்கும் வரவே மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

"பேருக்குப் பதிலா நம்பர் போட்டுப் புது லிங்க் அனுப்பியிருக்கலாம்ல? இல்லன்னா என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"புதுசு அனுப்பணும்னா கம்பெனிகிட்ட சொல்லணும். தப்பு யாருதுன்னு கேப்பான். அவன்கிட்ட இன்னும் ரெண்டு வேலைக்கு நாயா அலைஞ்சிக்கிட்டு இருக்கேன். புதன்கெழம மீட்டிங்ல நானே சொல்லிட்டேன், சிஸ்டம் ஓகே, இவங்களுக்குத்தான் இஷ்டமில்லன்னு. இப்பப் போயி மாத்திச் சொன்னா என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

"இவங்க தலைய எங்க வச்சிக்கிறதுன்னு யோசிச்சியா?"

"இந்த டயலாக்லாம் வேணாம் மச்சான். சொல்றதக் கேளு. அப்பாவுக்குப் போட்ட மாதிரி ஒங்கக்காவுக்கும் டேட்டாபேஸ்ல நானே போட்டுடறேன். ரெண்டு நிமிசம். மத்தவனுங்கள விடு. கூலிக் கூட்டம், எங்கயாச்சும் வாடகைக்குப் போயி ஒண்டிக்குவானுங்க. அவனுங்களுக்காக நம்ம சோத்துல நாமளே மண்ண அள்ளிப் போட்டுக்கணுமா?"

வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். லூர்துசாமியின் கால் மற்றக் காலின் மேலிருந்து இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் தோளைக் குத்தினாள். "மொதல்ல எனக்குப் போடச் சொல்லுடா. அப்புறம் எவ்வளவு வேணா சண்ட போடு."

திரும்பி அவளை முறைத்தேன்.

"என்னடா மொறைக்கிற? நீ ஈப்போவுல ஏர்கோன் போட்டுப் படுப்ப. நான் எங்க போயி படுப்பேன்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்காவுக்கு வீடு, எனக்கு வேலை. கருப்பம்மாள் சுவரில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கெஞ்சியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"நைஜல்," என்றேன், "நீ ஒண்ணும் புடுங்க வேணாம்." டெலிபோனை வைத்துவிட்டேன்.

"வச்சிட்டியா? அடப் பாவி, வச்சிட்டியா?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வீடு மட்டும் போகட்டும், ஒன்ன நான் சும்மா விட மாட்டேன்."

அனுப்பிய லிங்க்குகளை இனி மாற்ற முடியாது. அவை சாய்கோட்டோடுதான் வரும். ஆகவே லிங்க் வந்து சேரும் இடத்தில்தான் கைவைக்க வேண்டும். முகவரியைச் சாய்கோடு சாய்கோடாக வெட்டி, முதல் துண்டை மட்டும் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்படி நைஜல் எழுதியிருந்தான். மிச்சத் துண்டுகளையும் எடுத்து, நடுவில் அதே சாய்கோட்டை வைத்து, மறுபடி ஒரே பெயராக ஒட்டிவிடும்படி மாற்றினேன். மூன்று வரி வேலை. மூன்று வரி வேலைக்கு அந்த நாய் மூன்று நாள் ஒளிந்துகொண்டிருந்தான்.

லைன் வேறு விட்டு விட்டுக் கிடைத்தது. அக்கா ஜன்னலருகே நின்று, தன் புது டெலிபோனை உயர்த்திப் பிடித்து என் லேப்டாப்புக்கு இணையம் கொடுத்தாள். கை வலிக்கிறது என்று திட்டிக்கொண்டேதான் பிடித்தாள். மாற்றிய புரோகிராம் கோப்பைச் சர்வரில் ஏற்றினேன். லிங்க்கைத் திறந்தேன். திறக்கவில்லை. கோப்பைப் பார்த்தால் பழையபடி நைஜல் எழுதியதே உட்கார்ந்திருந்தது. ஈப்போவில் இருந்துகொண்டு அவன் திருப்பிப் போட்டுவிட்டான். மறுபடி ஏற்றினேன். மறுபடி மாற்றினான். மாறி மாறி ஒரே கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம், மணி நாலைத் தாண்டிவிட்டது. அக்காவின் திட்டு நின்றுவிட்டது. அவள் திட்டாமல் இருந்ததைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

சர்வர் என் பொறுப்பு என்பது அப்போதுதான் எனக்கே உருப்படியாக நினைவுக்கு வந்தது. நைஜலின் அனுமதியைச் சர்வரிலிருந்து நீக்கினேன். முதலாளியை அவன் கடைக்கு வெளியே தள்ளிப் பூட்டிய முதல் வேலைக்காரன் நானாகத்தான் இருப்பேன். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது. இருந்தாலும் வேண்டாம். கோப்பைக் கடைசியாக ஒருமுறை ஏற்றினேன்.

"இப்பத் தொடுக்கா."

காளியம்மா ஏ/பி சின்னையா என்று முழுப்பெயரும் திரையில் வந்தது. கீழே பச்சை, சிவப்பு. நாலு எண்ணைத் தட்டும்போது அவள் விரல் இரண்டு தடவை தவறியது. மூன்றாவது முறை சரியாகத் தட்டி, பச்சையை அமுக்கினாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது. நன்றி, கின்றி என்று ஒரு பேச்சு இல்லை. கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"ஏய் கருப்பம்மா! செல்லாயி! தொறந்துருச்சுடி, அமுக்குங்கடி! அந்த பத்துமலைய எழுப்பு, குடிச்சிட்டுத் தூங்கினா மூஞ்சில தண்ணிய ஊத்து!"

அவள் குரல் லயத்தின் அடுத்த கோடிவரை போனது. கதவுகளைத் தட்டும் சத்தம் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கேட்டது. என் திரையில் பெயர்கள் பச்சையாகிக்கொண்டே வந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கோபம்தான் இருந்தது, ஆனால் அந்தக் கோபம் இப்போது ருசியாக இருந்தது.

லூர்துசாமி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. காலையில் இருந்த மிடுக்கெல்லாம் போய், ஆள் அரை உடம்பாகத் தெரிந்தார்.

"யுகேன், என் லிங்க்கும் இப்ப தொறக்குமா?"

"ஒங்களுக்குத்தான் ஆயிருச்சேண்ணே."

"தொறக்குமான்னு கேட்டேன்."

"தொறக்கும். அஞ்சு மணி வரைக்கும் மாத்திக்கலாம்."

சட்டைப் பையிலிருந்து டெலிபோனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டார். லூர்துசாமி ஏ/எல் ஐயாவு. நாலு எண்ணையும் ஒரே தடவையில் சரியாகத் தட்டினார்.

"மூணு நாளா இந்தப் பொம்பளைங்கள நான் கேலி பண்ணியிருக்கேன்," என்றார். "ஒங்கக்காவ வீண்செலவா ஒரு ஹென்போன் வாங்க வச்சிருக்கேன். வெளக்குமாறுன்னேன்." அவர் விரல் பச்சைக்குப் போகவில்லை. தோலாக் என்ற சிவப்பை அமுக்கினார். நிச்சயம்தானா என்று அது கேட்டது. நிச்சயம் என்றும் அமுக்கினார்.

"அண்ணே! என்ன பண்ணீங்க? அதத் திருப்புங்கண்ணே, இன்னும் நேரமிருக்கு."

"நீ சும்மா இரு." மகனின் எண்ணைத் தட்டினார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அக்காவும் மற்றப் பெண்களும் அதற்குள் திரும்பி வந்து வாசலில் நின்றிருந்தார்கள்.

நைஜல் எடுத்த எடுப்பிலேயே கத்தினான். "அப்பா, அந்த யுகேந்திரன் அங்க இருக்கானா? அவன்கிட்ட போனக் குடுங்க!"

"அவன் வேலையா இருக்கான். நீ என்கிட்ட பேசு. அந்த வீட்ட நான் வேணாம்னுட்டேன்."

"என்னது? சிவப்ப அமுக்கிட்டீங்களா? தெரியாம அமுக்கிட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்லா அமுக்குனேன். தொறக்குதே இப்ப."

"ஐயோ, பைத்தியமாப்பா ஒங்களுக்கு? அடுத்த மாசம் லயத்த இடிச்சிடுவான். எங்க போயி இருப்பீங்க?"

"ஒன் வீட்டுலதான். மேல ரூம் இருக்குல்ல."

நைஜலுக்குப் பின்னால் ஏர்கோன் ஒழுகும் சத்தம்கூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

"அதுல... விருந்தாளிங்க வருவாங்கப்பா."

"நான்தான்டா விருந்தாளி. கூலிக் கூட்டத்துல ஒருத்தன், ஒண்டிக்க வாரேன். சாமான் அதிகமில்ல, ஒரு பொட்டியும் மாதா படமும்தான். அஞ்சு மணிக்கு மேல ஒன் காடிய எடுத்துக்கிட்டு இங்க வா. எல்லாரும் வாசல்லதான் நிப்பாங்க, வந்து அவங்க மூஞ்சியப் பாத்துட்டு என்ன ஏத்திக்கிட்டுப் போ."

"அப்பா..."

"இன்னொண்ணு. ஒன் வீட்டு கேட்டுல பித்தளையில பேரு மாட்டி வச்சிருக்கியே, நைஜல் லூர்ட்ஸ்னு. அதுக்குக் கீழ என் பேரையும் போடு. ஒண்ணையும் வெட்டாம முழுசாப் போடணும். லூர்துசாமி ஏ/எல் ஐயாவு."